அப்பாவின் ரேடியோவும், வரைபடத்தில் இல்லாத இரண்டு ரெசிஸ்டர்களும்

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பதக்கங்கள், படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த சான்றிதழ், சீருடையில் எடுத்த ஒரே புகைப்படம், மூன்றையும் தம்பி கேட்டான். கொடுத்துவிட்டேன். பதக்கத்தைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கப்போனான். தேய்த்தால் எழுத்துகளின் விளிம்பும் சேர்ந்து தேயும், மெல்லிய துணியால் தூசி மட்டும் தட்டு என்று தடுத்தேன். எனக்கு அவருடைய வால்வு ரேடியோ, கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வகை, வேண்டும் என்றேன். போட்டிக்கு யாரும் வரவில்லை. ஆறு வருடமாக வாய் திறக்காத கனமான மரப்பெட்டி அது.

அது பேசாமல் போனபோதே அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. "ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்" என்பார். நானும் "பார்க்கலாம்பா" என்பேன். அந்த ஒரு நாளை நான் ஒதுக்கவே இல்லை. அதைப் பற்றி மேலே எழுதினால் இது வேறு மாதிரிப் பதிவாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முதல் ஞாயிறு, பின் அட்டையைக் கழற்றினேன். நான்கு திருகு. ஒவ்வொன்றின் தலையிலும் பாதி திருகின் மேலும் பாதி பலகையின் மேலுமாகச் சிவப்புப் பூச்சு ஒரு புள்ளி. திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் புள்ளி இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதிர்வில் ஓடும் கருவிகளில் வைக்கும் அடையாளம் இது. அசையாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ரேடியோவுக்கு இது எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பழக்கம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் சைக்கிள், தையல் மெஷின், குளியலறைக் கதவுக் கீல் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது.

அட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு வரி: "அணைத்தபின் 1 நிமிடம்." பொதுவான எச்சரிக்கை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

படையில் அவர் சிக்னல்ஸ் பிரிவு. வயர்லெஸ் செட்டோடு முகாம் முகாமாக அலைந்தவர். வெளியே வந்த பிறகுதான் இன்ஜினியரிங் படித்து முடித்தார். போர் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். நாங்கள் நச்சரித்தால் புள்ளியும் கோடுமாகத் தந்தி தட்டும் மோர்ஸ் பற்றிச் சொல்வார். சாவியைத் தட்டுகிற தாளத்தைக் கேட்டே எதிர்முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுமாம். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கை". "அவன் கை எனக்குத் தெரியும்" என்பாராம் ஆபரேட்டர்.

பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸை வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது அப்பாவின் கை தெரிந்தது. தொழிற்சாலையில் வைத்த இணைப்புகள் ஒரு மாதிரி, அவர் பிற்பாடு செய்தவை வேறு மாதிரி. அவர் ஒயரை முதலில் டேக் என்கிற சின்ன உலோகக் காதில் ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுக்கியால் அழுத்தி, ஈயம் இல்லாமலே இழுத்தால் வராதபடி செய்துவிட்டுத்தான் பற்றவைப்பார். ஈயம் மின்சாரத்துக்கு, பிடிப்பு ஒயருக்கு என்பது அவர் கணக்கு. ஓடும் ஒயர்களை மெழுகு நூலால் வரிசையாகக் கட்டியிருந்தார். ஒவ்வொரு சுற்றும் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் முடிச்சு. நடுவில் ஒன்று அறுந்தாலும் மற்றவை உடனே அவிழாது.

இதையெல்லாம் ரசித்துக்கொண்டே, பாதையில் குறுக்கே நிற்கிறதென்று அந்த நூலில் ஒரு சாண் அளவு வெட்டித் தள்ளினேன். திரும்பக் கட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது, அதுவும் கோணலாக. வேலையின் முதல் தவறு அது. பழைய கருவியைத் திறப்பவர்கள் கட்டரைத் தொடுவதற்கு முன் நாலா பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வெட்டிய பிறகு எடுத்தேன்.

ஐந்து வால்வு செட். ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. இந்தப் பெயர்களை எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டார். முதல் எழுத்து ஈ என்றால் உள்ளே இருக்கும் இழைக்கு 6.3 வோல்ட். அடுத்து வரும் பி இரட்டை டையோடு, சி டிரையோடு, எஃப் பெண்டோடு, எல் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பெண்டோடு, இசட் மாறுமின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் முழு அலை ரெக்டிஃபையர். 80 முதல் 89 வரையிலான எண் என்றால் அடியில் ஒன்பது பின், அதாவது ஒன்பது கால். பெயரைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மனிதர்களுக்கும் இப்படிப் பெயர் வைத்தால் எவ்வளவு வசதி என்று சிரிப்பார்.

இவ்வளவு நாள் தூங்கிய செட்டை நேராக ப்ளக்கில் சொருகக் கூடாது. 60 வாட் இழை பல்பு ஒன்றை மெயின்ஸோடு தொடரில் போட்டேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். நல்லபடியாக இருந்தால் ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வால்வு எல்லாவற்றையும் கழற்றி, வெறும் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பத்து நிமிடம் ஓட விட்டேன். சூடு இல்லை, வாசனை இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். மற்றது எதையும் மாற்றலாம், அது கிடைப்பதுதான் கஷ்டம்.

பவர் சப்ளையில் இருந்த மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் 50, 50 மைக்ரோஃபாரட் இரட்டை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் அடிப்பக்கம் உப்பியிருந்தது. அலுமினிய டப்பாவை அழகுக்கு மேலேயே விட்டுவிட்டு, அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைப் புதிதாகப் போட்டேன். இங்கே ஒரு ஆசை வரும். இப்போதெல்லாம் 100, 220 என்று சின்ன உருவத்திலேயே கிடைக்கிறதே, பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையுமே என்று. போடாதீர்கள். ஈஇசட் 80-க்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டருக்கு உச்ச வரம்பு 50 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் பாயும் மின்னோட்டம் அந்த வால்வின் ஆயுளைத் தின்றுவிடும்.

பிறகு ஈஇசட் 80-ஐ மட்டும் சொருகி, பல்பு வழியாகவே ஓட்டினேன். சுமை எதுவும் இல்லாததால் 320 வோல்ட். சரி என்று அணைத்தேன்.

இங்கேதான் கதை மாறியது. மற்ற நான்கு வால்வும் வெளியே. கெப்பாசிட்டர் புதுசு. மின்னேற்றத்துக்கு வெளியேற வழியே கிடையாது, நான்தான் ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்க வேண்டும் என்று 10 கிலோ ஓம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மீட்டரில் எண்கள் தானாக இறங்கின. 23 வினாடியில் 118. ஒரு நிமிடத்தில் 23. இரண்டு நிமிடத்தில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள் ஒட்டியிருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாதையில் மின்சாரத்தைக் குடிக்கும் எதுவும் வரையப்படவில்லை.

கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். டப்பாவுக்குப் பின்னால், ஒரு டேக் பட்டையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டர். சிவப்பு, சிவப்பு, மஞ்சள். 220 கிலோ ஓம், ஒரு வாட். இரண்டும் பக்க இணைப்பில், உயர் வோல்ட்டேஜிலிருந்து சேசிஸுக்கு. முழுச் சுற்று, இடுக்கி அழுத்தம், மெழுகு நூல். சந்தேகமே இல்லை, அவர் கை.

இரண்டும் சேர்ந்தால் 110 கிலோ ஓம் வர வேண்டும். மீட்டர் 243 காட்டியது. ஆளுக்கொரு காலைக் கழற்றித் தனித்தனியாக அளந்தேன். ஒன்று உள்ளே அறுந்து முற்றிலும் திறந்துவிட்டது, மீட்டர் அசையவே இல்லை. மற்றது வயதில் கொஞ்சம் ஏறி 243-இல் நிற்கிறது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் இப்படித்தான் மேல்நோக்கி நகரும்.

காலைக் கழற்றிய நிலையிலேயே செட்டை ஓட்டி அணைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் 220 வோல்ட் நின்றது. 10 கிலோ ஓமைத் தொட்டு இறக்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த இரண்டையும் வெட்டி எறியத்தான் நினைத்தேன். இது அணைத்தபின் மின்னேற்றத்தை இறக்கத்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் இந்த செட்டுக்கு இது தேவையில்லை. வால்வுகள் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்தால், இழை ஆறுவதற்குள் அவையே மிச்ச மின்னேற்றத்தைக் குடித்துவிடும். அதனால்தான் தயாரித்தவர்கள் வைக்கவில்லை. பெட்டி மூடியிருக்கும் வரை இந்த ரெசிஸ்டர்கள் இரண்டரை மில்லி ஆம்பியரை வெறும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும், வேறு பயன் இல்லை. அப்படியே வைத்தாலும் ஒன்று போதும். எதற்கு இரண்டு? வயதான காலத்தில் எதையோ குழப்பிக்கொண்டு வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். வரைபடம்தான் சரி, அதன்படியே திருப்பிவிடலாம்.

ஆனால் கண் களைத்திருந்தது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு டயல் நூலை எடுத்தேன். இதைவிடக் களைப்பான வேலை ஒன்று உண்டு என்றால் அதுதான். முள்ளை நகர்த்தும் நூல் இற்றுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கப்பி, ஒரு பெரிய சக்கரம், ஒரு ஸ்பிரிங். எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று தெரியாமல் சுற்றினால் முள் திருகுக்கு எதிர்த்திசையில் ஓடும். மூன்று கை இருப்பவர்களுக்கான வேலை. இரண்டு முறை சுற்றி, இரண்டு முறையும் கடைசி முடிச்சில் விட்டேன். அப்போதுதான் அப்பாவின் நோட்டு நினைவுக்கு வந்தது.

பழுது பார்த்த எதையும் அதில் எழுதாமல் விடமாட்டார். நான்கு கட்டம்: நாள், குறை, காரணம், செய்தது. ஒரு வரிக்கு மேல் போகாது. இஸ்திரிப்பெட்டி, பக்கத்து வீட்டு மின்விசிறி, தம்பியின் பொம்மை ரயில் எல்லாம் வரிசையில் இருக்கும். "குறை: ரயில் பின்னோக்கி மட்டும் ஓடுகிறது. காரணம்: ஒயர் மாறியது. செய்தது: மாற்றினேன், அவனுக்குப் பின்னோக்கி ஓடுவதே பிடித்திருந்ததால் திரும்ப மாற்றினேன்." டயல் நூலின் படம் இருந்தது, அம்புக்குறியோடு. சக்கரத்தில் இரண்டு சுற்று, திருகின் தண்டில் மூன்று. பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த வரி அதே ரேடியோதான்.

"குறை: இல்லை. காரணம்: பாப்பா, வயது 6. செய்தது: 220 கே இரண்டு, பக்க இணைப்பு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்."

பாப்பா நான்தான். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஈஎல் 84 போய்விட்டதென்று அதைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். செட் கவிழ்ந்து கிடந்தது, ப்ளக்கும் பிடுங்கியாகிவிட்டது. யாரோ கூப்பிட்டு வாசலுக்குப் போனார். நான் ஸ்டூலில் ஏறி, பளபளவென்றிருந்த டேக்கைத் தொட்டேன். அடுத்து நினைவிருப்பது தரையிலிருந்து பார்த்த மேசையின் அடிப்பக்கம். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. அப்பா ஓடி வந்து திட்டவில்லை, அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். முழு நிமிடம் எண்ணினார். அவர் விரல்கள் நடுங்கின. பிற்பாடு வயதில் நடுங்கியதற்கு முன்னால் அவர் கை நடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மேசையில் தடை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு விதி மட்டும் வந்தது: திறந்த செட்டைத் தொடும்போது இடது கை முதுகுக்குப் பின்னால். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும், அதனால். இன்றைக்கும் அப்படித்தான் வேலை செய்கிறேன். அந்தச் சம்பவத்தில் மாறியது நான் மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவும் மாறியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 110 கிலோ ஓம், பழைய கெப்பாசிட்டர் இரண்டும் சேர்ந்து 100 மைக்ரோஃபாரட். பெருக்கினால் 11 வினாடி. அதைப் போல ஐந்து மடங்கு நேரத்தில் மின்னேற்றம் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். 55 வினாடி. பின் அட்டையில் பென்சிலில் எழுதியிருந்த "1 நிமிடம்" பொது எச்சரிக்கை இல்லை. கணக்கு.

சரி, மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

செட் ஊமையானதற்கு உண்மையான காரணம், ஈஎல் 84-இன் உள்வாங்கும் முனையான கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுவரும் பேப்பர் கெப்பாசிட்டர். வால்வு ரேடியோ பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் சந்தேகப்படும் ஆசாமி. காகிதம் ஈரத்தை இழுத்து, நேர் மின்சாரத்தைக் கசிய விடும். வால்வை வைத்து ஓட்டியபோது, சுழியம் இருக்க வேண்டிய பின் 2-இல், அதாவது கிரிட்டில், 4 வோல்ட் நின்றது. இப்படி இருந்தால் வால்வு அளவுக்கு மீறி இழுத்து, உள்ளே தகடு சிவக்க ஆரம்பிக்கும். உடனே அணைத்தேன். இந்தக் கசிவிலேயே முன்பு ஓடியதால்தானோ என்னவோ, கேத்தோடு ரெசிஸ்டர் கருகித் திறந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். கெப்பாசிட்டருக்கு 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன். மற்ற பேப்பர் கெப்பாசிட்டர்களையும் விட்டுவைக்கவில்லை. மைக்கா, செராமிக் வகைகள் நன்றாகவே இருந்தன, தொடவில்லை. நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகுகளையும் தொடவில்லை. அவர் மெழுகு வைத்து மூடியிருந்தார். அதைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேத்தோடான பின் 3-இல் 7.2 வோல்ட் வந்தது. சாக்கெட்டின் பக்கத்தில் அவர் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் 7.1.

டயல் நூல் அவர் படத்தின்படி முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. ஓட விட்டதும் முதலில் வெறும் உறுமல், பிறகு சிற்றலையில் இரைச்சல். அப்பா டயல் கண்ணாடியில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு நேராகக் கீறலாக ஒரு கோடு போட்டிருந்தார். அங்கேதான் நேரக் குறிப்பு ஒலிபரப்பு வரும், வினாடிக்கு ஒரு டிக். ஞாயிறு காலையில் வீட்டிலுள்ள எல்லாக் கடிகாரத்தையும் மேசையில் வரிசையாக வைத்து அதைக் கேட்டுத் திருப்புவார். இரவு ஒன்பதரைக்கு முள்ளை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனேன். கோட்டுக்கு ஒரு நூலளவு தள்ளி, இரைச்சலுக்கு அடியில், டிக் கேட்டது. தம்பிக்கு போன் செய்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "இருக்கா, கடிகாரத்தை எடுத்துட்டு வரேன்" என்றான்.

அந்த இரண்டு ரெசிஸ்டரும்தான் பாக்கி. திறந்துபோனதை மட்டும் மாற்றலாம், மற்றது வேலை செய்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவராக இருந்தால் செய்ய மாட்டார், ஒன்று போன வயதில்தான் மற்றதும் இருக்கிறது. புதிதாக 220 கிலோ ஓம் இரண்டு, 2 வாட், 500 வோல்ட் தாங்குவதாகப் பார்த்துப் போட்டேன். ஒயரை முதலில் முழுச் சுற்று, இடுக்கி, இழுத்துப் பார்த்து, பிறகு ஈயம். வால்வுகளைக் கழற்றிவிட்டு அளந்தேன். ஒரு நிமிடத்தில் 1 வோல்ட்டுக்கும் கொஞ்சம் கீழே.

நோட்டில் அவருடைய கடைசி வரிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. நாள் எழுதினேன். "குறை: 220 கே இரண்டில் ஒன்று திறந்தது. மற்றது நின்றது. காரணம்: வயது. செய்தது: இரண்டும் மாற்றினேன்."

பின் அட்டையை மூடி நான்கு திருகையும் முடுக்கினேன். சிவப்புப் பூச்சு டப்பா காய்ந்து கட்டியாகியிருந்தது. தம்பி மனைவி விட்டுப்போன நகப்பூச்சைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். நான்கு புள்ளி. கொஞ்சம் மினுமினுக்கிறது.